அரிதட்டைச் சோதிக்காமல் அரிக்கலாமா? சிறு உணவு உற்பத்தியாளர்கள் கவனிக்க வேண்டியவை

போருக்குப் பின்னர் வடக்கு, கிழக்கில் பல குடும்பங்கள், குறிப்பாகப் பெண்களின் உழைப்பிலேயே தங்கியிருக்கும் குடும்பங்கள், மிளகாய்த்தூள், அரிசி மா, குரக்கன் மா, ஒடியல் மா போன்றவற்றைத் தயாரித்து விற்று வாழ்கின்றன. அவற்றில் ஒரு பகுதி புலம்பெயர் நாடுகளுக்கும் செல்கிறது. கடன்பட்டு வாங்கிய அரவை இயந்திரத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பவர்கள்கூட, பக்கத்தில் கிடக்கும் அரிதட்டைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் ஒரு பொதிக்குள் சிறு கம்பித்துண்டு அகப்பட்டாலே போதும், பல வருடங்களாகச் சேர்த்த நற்பெயர் போய்விடும்.

கல், தும்பு, தேய்ந்த அரவைப் பாகங்களின் இரும்புத்துகள் ஆகியவற்றைத் தடுப்பதற்கே அரிதட்டு இருக்கிறது. அதன் வலை அறுந்தால் இரண்டு ஆபத்துகள் ஒன்றாக வருகின்றன. தடுக்க வேண்டியவை ஓட்டை வழியே இறங்கும். அறுந்த கம்பியும் மாவுடன் சேரும்.

காந்தம் வைத்திருக்கிறோம், அது பிடித்துவிடும் என்று சிலர் நினைக்கலாம். இரும்புத்துகளைக் காந்தம் பிடிக்கும். ஆனால் உணவுக்கான நல்ல வலைகள் பெரும்பாலும் துருப்பிடிக்காத உருக்கினால் செய்யப்படுகின்றன. அதைக் காந்தம் மிகக் குறைவாகவே இழுக்கும். பெரிய தொழிற்சாலைகளில் உள்ள உலோகம் கண்டறியும் இயந்திரங்களுக்கும் மெல்லிய உருக்குக் கம்பி கடினமானதே. கம்பி எந்தப் பக்கமாகக் கிடக்கிறது என்பதைப் பொறுத்து அது தப்பிவிடக்கூடும். ஆகவே வலையை நேரே பார்த்துச் சோதிப்பதே முதன்மையான பாதுகாப்பு.

இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். அரிதட்டை நன்றாகத் துப்புரவாக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அறுந்த கம்பி, விலகிய கண்கள், தளர்ந்த வலை, துரு, விளிம்பில் விட்டுப்போன ஒட்டு ஆகியவற்றைத் தேடுங்கள். வலை சட்டத்துடன் சேரும் ஓரத்தைக் கூடுதலாகக் கவனியுங்கள். அடைப்பை நீக்க அரிதட்டை நிலத்திலோ இரும்பிலோ தட்டக்கூடாது; தூரிகையால் துடைக்க வேண்டும். கிழிந்த இடத்தைக் கம்பியால் தைத்தோ ஈயம் வைத்தோ பாவிப்பதும் ஆபத்து.

அரித்த பின் மேலே மிஞ்சும் கப்பியையும் பாருங்கள். வழமையாக மிஞ்சும் அளவு திடீரெனக் குறைந்தால் வலை கிழிந்திருக்கலாம். கூடினால் கண்கள் அடைபட்டிருக்கலாம், அல்லது அரவை சரியாக நடக்கவில்லை.

சோதனையை வேலை தொடங்கும் முன்னரும் முடிந்த பின்னரும் செய்ய வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. மாலையில் வலை அறுந்திருப்பதைக் கண்டால், கடைசியாக நல்ல நிலையில் கண்ட நேரத்துக்குப் பின் அரித்த அனைத்தையும் நிறுத்தி வைக்க வேண்டும். காலையில் பார்த்திருந்தால் அன்றைய மா மட்டுமே சந்தேகத்துக்குரியது. கிழமைக்கு ஒருமுறைதான் பார்ப்பீர்கள் என்றால், ஒரு கிழமை உழைப்பு முழுவதும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். அதில் பாதி ஏற்கெனவே கடைகளுக்குப் போயிருக்கும்.

எந்த மா எந்த அரிதட்டில் அரிக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் இதைச் செய்ய முடியும். எனவே ஒவ்வோர் அரிதட்டுக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். அதைச் சட்டத்தில் பொறித்துவிடுவது நல்லது. ஒட்டிய தாளும் கட்டிய அட்டையும் கழன்று மாவுக்குள் விழக்கூடும். நிலக்கடலை, எள்ளு, கோதுமை போன்றவை சிலருக்குக் கடும் ஒவ்வாமையை ஏற்படுத்தும் என்பதால், அவற்றுக்குத் தனி அரிதட்டுகள் வேண்டும்.

வாங்கும்போது ‘60 மெஷ்’ என்று மட்டும் கேட்பது போதாது. மெஷ் என்பது ஓர் அங்குல நீளத்தில் உள்ள கண்களின் எண்ணிக்கை. கம்பியின் தடிப்பு மாறினால் கண்ணின் அளவும் மாறும். 60 மெஷ் வலையில் கம்பி 173 மைக்ரோன் என்றால் கண் சுமார் 250 மைக்ரோன்; கம்பி 120 மைக்ரோன் என்றால் கண் சுமார் 303 மைக்ரோன். மெல்லிய கம்பி விரைவில் அறுந்துபோகவும் கூடும். ஆகவே கண்ணின் அளவு, கம்பித் தடிப்பு, உலோக வகை மூன்றையும் கேட்டு, வாங்கிய திகதியுடன் எழுதி வையுங்கள்.

ஒரு சாதாரணக் கொப்பி இதற்குப் போதும். திகதி, அரிதட்டு இலக்கம், அரித்த பொருள், பொதித் தொகுதி, முன்னும் பின்னும் இருந்த நிலை, பார்த்தவரின் கையொப்பம் ஆகியவற்றை அதில் எழுதலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்டாலும், வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரி கேட்டாலும் காட்டுவதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கும். முறைப்பாடு வரும் நாளில், எந்தப் பொதிகளைத் திருப்பி எடுக்க வேண்டும், எவற்றைத் தொடர்ந்து விற்கலாம் என்பதையும் அந்தக் கொப்பியே காட்டும்.