மஞ்சள் நிறம் சொல்லும் செய்தி

தூசி பட்டவுடன் சிலர் அடுக்கடுக்காகத் தும்முவர். அதே தூசி பிறரை ஒன்றும் செய்யாது. தீங்கற்ற பொருளையும் பகையெனக் கருதி உடல் எதிர்ப்பதே ஒவ்வாமை எனப்படும்.

தோலிலும் மூக்கின் உட்சவ்விலும் மாஸ்ட் செல்கள் உள்ளன. 1878ஆம் ஆண்டில் இவற்றுக்குப் பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக். இச்செல்களின் மேற்பரப்பில் ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும். ஒவ்வாத பொருள் அதனோடு இணைந்ததும், செல்லினுள் இருக்கும் நுண்மணிகளிலிருந்து ஹிஸ்டமின் வெளியேறும். அரிப்பும் தும்மலும் அதன் விளைவுகளே.

வெங்காயத்தில் குவெர்செட்டின் என்னும் பொருள் உள்ளது. அது ஃபிளவனாய்டு வகையைச் சார்ந்தது. இத்தகைய தாவரப்பொருள்கள் ஹிஸ்டமின் வெளியேறுவதைத் தடுக்குமா? இதனை அறிய, ஆய்வாளர் முதலில் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் செல்களில் சோதிக்கின்றனர்.

எலியிலிருந்து பெறப்பட்ட ஆர்.பி.எல்.-2எச்3 என்னும் செல்கள் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. சிறு குழிகள் கொண்ட தட்டில், ஊட்ட நீர்மத்தில், 37 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அவை வளர்க்கப்படுகின்றன. முதலில் எல்லாக் குழிகளிலும் எதிர்ப்பொருளைச் சேர்ப்பர். பின்னர்ச் சில குழிகளில் மட்டும் ஃபிளவனாய்டை இடுவர். இறுதியில் ஒவ்வாமையைத் தூண்டும் பொருளைச் சேர்ப்பர்.

ஹிஸ்டமினோடு ஒரு நொதியும் செல்லிலிருந்து வெளிவரும். உரிய வேதிப்பொருளைச் சேர்த்தால், அந்நொதியின் செயலால் நீர்மம் மஞ்சளாகும். நிறம் அடர்ந்திருந்தால் வெளியேற்றம் மிகுதி, வெளிறியிருந்தால் குறைவு.

நிறம் வெளிறியதும் ஆய்வாளர் மகிழ்ந்துவிடுவதில்லை. செல்கள் அமைதியடைந்தனவா, மடிந்துபோயினவா? மடிந்த செல் ஹிஸ்டமினைச் சுரக்காதுதான். ஆனால் அது நலம் ஆகாது. அல்லது தாவரப்பொருள் நொதியின் செயலையே முடக்கியதா? எனவே செல்கள் உயிரோடுள்ளனவா என்பதைத் தனியே சோதிப்பர். நொதியோடு ஃபிளவனாய்டை நேரே கலந்தும் பார்ப்பர்.

இச்சோதனைகளைக் கடந்து, குவெர்செட்டின் வெளியேற்றத்தைக் குறைப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும், தட்டில் வென்றது உடலிலும் வெல்லும் என்று கூற இயலாது. நாம் உண்ணும் குவெர்செட்டினைக் குடலும் கல்லீரலும் வேறு பொருள்களாக மாற்றிவிடுகின்றன. ஆகவே, வெங்காயம் நல்ல உணவு. மருத்துவர் தந்த மருந்துக்கு மாற்று அன்று.

விடை கிடைத்த பின்னும் 'வேறு காரணம் இருக்குமோ?' என்று வினவுவதே அறிவியல் நெறி.

சொற்பொருள்
நொதி – உயிர்களில் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்
நீர்மம் – திரவம்
வெளிறுதல் – நிறம் மங்குதல்

சிந்தித்து எழுதுக
1. சில குழிகளில் ஃபிளவனாய்டு இடாமல் விடுவது ஏன்?
2. நிறம் வெளிறுவதற்குரிய மூன்று காரணங்கள் யாவை?