சிரிப்புக்குக் கூலி

கலிபோர்னியாவிலுள்ள ஆனஹைம் நகரத்தில் 1955-ம் வருஷம் ஜூலை மாதம் 17-ந் தேதி வால்ட் டிஸ்னி திறந்து வைத்த கேளிக்கைப் பூங்காவுக்கு, பூமியிலேயே மகிழ்ச்சி மிகுந்த இடம் என்று அதன் சொந்தக்காரர்களே பட்டம் சூட்டியிருக்கிறார்கள். மகிழ்ச்சி மிகுந்த இடத்தில் சண்டைக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். ஆனால் அந்த டிஸ்னிலாந்திலும், அதன் மாதிரியில் 1971-ல் புளோரிடாவிலும் 1992-ல் பாரிஸ் நகருக்கு அருகிலும் எழுந்த பூங்காக்களிலும், வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் ஓயாமல் பூசல் நடந்து வந்திருக்கிறது. பத்திரிகைகள் இவற்றை வம்புச் செய்திகளாகப் பிரசுரிக்கின்றன. ஜனங்களும் படித்துச் சிரித்துவிட்டு மறந்துபோகிறார்கள். தொழிலாளியின் மானத்தில் அக்கறையுள்ளவர்கள் அப்படி மறந்துவிடலாகாது என்பது நம் அபிப்பிராயம்.

முதலில் அங்கே வழங்கும் பாஷையைக் கவனிக்க வேண்டும். சீட்டு வாங்கி உள்ளே வருகிறவரை வாடிக்கைக்காரர் என்று சொல்லக் கூடாது, அவர் ‘விருந்தாளி’. கூலிக்கு உழைக்கிறவருக்குத் தொழிலாளி என்ற பெயர் கிடையாது. அவர் ‘நடிகர் குழுவில் ஒருவர்’. அவருடைய உடுப்பு வேஷம். ஜனங்கள் நடமாடும் இடமெல்லாம் மேடை. அவர் உட்கார்ந்து சாப்பிடும் இடம் மேடைக்குப் பின்புறம். தெருக் கூட்டுகிறவரும் நடிகர். தின்பண்டம் விற்கிறவரும் நடிகர். இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுப்பதற்காக ‘டிஸ்னிலாந்து சர்வகலாசாலை’ என்ற ஆடம்பரமான பெயருடன் ஒரு பயிற்சிப் பள்ளியே ஆரம்ப காலத்தில் ஏற்படுத்தப்பட்டது. வழி கேட்பவருக்கு ஒற்றை விரலை நீட்டிக் காட்டக் கூடாது, கையை விரித்தோ இரண்டு விரல்களைச் சேர்த்தோதான் காட்ட வேண்டும் என்பது வரையில் அங்கே விதிகள் உண்டு. வால்ட் டிஸ்னி மீசைக்காரர். அவருடைய பூங்காவில் வேலை செய்யும் ஆண்மகனுக்கு மீசை வைத்துக்கொள்ளும் உரிமை 2000-ம் வருஷத்தில்தான் வந்தது. தாடிக்கு 2012 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. பாரிஸ் பூங்கா திறக்கப்பட்ட சமயத்தில், இந்த விதிகள் தனிமனிதனின் சுதந்தரத்தில் கைவைப்பவை என்று பிரெஞ்சுத் தொழிற்சங்கங்கள் உரக்கக் கூவின. அத்தேசத்தாரிடம் நமக்குப் பல விஷயங்களில் மனத்தாங்கல் உண்டென்றாலும், இந்த விஷயத்தில் அவர்கள் கூவியது நியாயமே.

விருந்து என்ற சொல்லுக்கு நம்மிடையே உள்ள பொருள் வேறு. விருந்துக்கு வந்தவன் வாசலில் பணம் எண்ணிக் கொடுப்பதில்லை. அழைத்தவன் எவனோ அவனே இலை போட்டு உபசரிக்கிறான். குறை நேர்ந்தால் மன்னிப்புக் கேட்பவனும் அவனே. டிஸ்னி கம்பெனியின் விருந்திலோ அழைத்ததும் பணம் வாங்கியதும் கம்பெனி; உபசரிப்பது மணிக்கணக்குக் கூலிக்கு வந்த ஒரு வாலிபன் அல்லது ஒரு பெண். வந்தவருக்கு மனக்குறை ஏற்பட்டால், திட்டுவதற்கு அவர் கண்ணெதிரே அந்த வாலிபனைத் தவிர வேறு யாரும் அகப்படுவதில்லை. அவனோ பதில் பேசக் கூடாது. சிரித்த முகம் மாறக் கூடாது. அங்கே நடக்கும் சச்சரவுகளில் பெரும்பாலானவற்றின் வேர் இதுதான் என்று நினைக்கிறோம்.

வந்தவருக்கு மனக்குறை ஏற்படுவதும் காரணமில்லாமல் அல்ல. பூங்கா திறந்த காலத்தில் பெரியவர் ஒருவருக்கு வாயிற்கட்டணம் 1 டாலர். ராட்டினங்களுக்குத் தனிச் சீட்டு. 2024-ம் வருஷம் அக்டோபரில், கூட்டம் மிகுந்த நாட்களின் ஒருநாள் கட்டணம் 200 டாலரைத் தாண்டிவிட்டது. ஒரு சாதாரணக் குடும்பம் பல மாதம் மிச்சம் பிடித்துச் சேர்த்துக்கொண்டுதான் அங்கே போக முடியும். போன பிறகு வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். 1999-ல் ஒரு ஏற்பாடு வந்தது: குறித்த நேரத்துக்குச் சீட்டுப் பெற்றுக்கொண்டு, நீண்ட வரிசையில் நிற்காமல் திரும்பி வந்து ஏறிக்கொள்ளலாம். அதற்குக் கட்டணமில்லை. 2021-ல் அதை எடுத்துவிட்டு, முந்திச் செல்லும் உரிமையைப் பணத்துக்கு விற்க ஆரம்பித்தார்கள். ஒரே ராட்டினத்துக்கு இரண்டு வரிசைகள். ஒரு மணி நேரமாகக் குழந்தையைத் தூக்கி நிற்கும் தகப்பன், பக்கத்து வரிசையில் பணம் கொடுத்தவர்கள் விறுவிறுவென்று உள்ளே போவதைப் பார்க்கிறான். அவனுடைய கோபம் கட்டணம் நிர்ணயித்த டைரக்டர்கள் மீது பாய வழியில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஊழியன் மீது பாய்கிறது.

அங்க ஊனமுள்ளவர்களுக்கென்று வரிசையில் நிற்காமல் போக ஒரு அட்டை கொடுத்து வந்தார்கள். பணக்காரர்கள் சிலர், ஊனமுற்ற ஒருவரைக் கூலிக்கு அமர்த்தித் தங்கள் குடும்பத்தோடு அழைத்துக்கொண்டு போய் அந்தச் சலுகையை அனுபவித்த செய்தி 2013-ல் வெளியாயிற்று. அந்த வருஷமே கம்பெனி அட்டையை நிறுத்திவிட்டு வேறு விதிகளை வகுத்தது. மோசம் செய்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மெய்யாகவே நிற்க முடியாத குழந்தையின் தாயாருக்குப் புது விதியை எடுத்துச் சொல்லி, அவளுடைய கண்ணீரையும் வசவையும் வாங்கிக்கொள்ளும் பொறுப்பு வாசலில் இருந்தவர்கள் தலையில் விழுந்தது.

இவர்களைவிடப் பரிதாபமானவர்கள், மிக்கி எலியாகவும் டொனால்டு வாத்தாகவும் முழு வேஷம் தரித்துச் சுற்றுகிறவர்கள். அவர்கள் வாய் திறந்து பேசுவதே கூடாது. கனமான தலையைச் சுமந்துகொண்டு, குறுகிய துவாரத்தின் வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டு, தழுவ வருகிறவர்களையெல்லாம் தழுவ வேண்டும். 2019-ல் புளோரிடாவில் ஒரு பெண்மணி மிக்கியின் தலையைச் செல்லமாகத் தட்டினாள். அந்தத் தலைக்குள் இருந்ததும் ஒரு பெண்ணே. கழுத்தில் காயம் பட்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. இதைக் குற்றமென்று கொள்ள இடமில்லை என்று போலீஸார் விட்டுவிட்டார்கள். அவ்வருஷமே டொனால்டு வேஷத்திலிருந்த ஒரு பெண், வந்தவர் ஒருவர் தன்னை முறைகேடாகத் தொட்டதாகப் போலீஸில் புகார் செய்தாள். பொம்மை என்று நினைத்துத் தொடுகிறவர்களும் உண்டு. உள்ளே ஆள் இருக்கிறதென்று தெரிந்து தொடுகிறவர்களும் உண்டு. இருவரிடமும் சிரித்துக்கொண்டிருக்கும் முகமூடி ஒன்றே.

முன்னொரு தடவை, 1978-ல், கரடிப் பொம்மையான வின்னி-த-பூ வேஷம் போட்டவர் ஒரு சிறுமியை அறைந்துவிட்டார் என்று டிஸ்னிலாந்தின் மேல் வழக்கு வந்தது. சிறுமி பின்னாலிருந்து இழுத்தாள், திரும்பியபோது தெரியாமல் கை பட்டது என்பது அவருடைய வாதம். வக்கீல் கேட்டுக்கொண்டபடி அவர் கோர்ட்டுக்குள் கரடி வேஷத்தோடேயே வந்தார். கேள்விகளுக்குத் தலையை ஆட்டியே பதில் சொன்னார். நடனமும் ஆடிக் காட்டினார். அந்த வேஷத்தின் கைகள் அறைய முடியாத அளவுக்குத் தாழ்ந்திருப்பதை ஜூரிகள் கண்ணாரக் கண்டு, 21 நிமிஷத்தில் அவர் மீது குற்றமில்லை என்று முடிவு சொன்னார்கள். ஜூரிகள் சிரித்திருப்பார்கள், நமக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் தன் மீதுள்ள பழியைத் துடைப்பதற்குக்கூட ஒரு மனிதன் வாய் பேசாத கரடியாக நிற்க வேண்டியிருந்ததே என்று எண்ணினால் சிரிப்பு அடங்கிவிடுகிறது.

இன்னொரு விஷயம் சொல்லக் கூசுகிறது. சொல்லாமல் விட முடியவில்லை. வேஷத்துக்குள் உடுத்தும் உள்ளாடையைப் புளோரிடாவில் ஒருவர் மாற்றி ஒருவர் அணிந்து வந்தார்கள். அழுக்கும் பேனும் சொறியும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதாக முறையிட்டும் பயனில்லாமல், கடைசியில் 2001-ல் தொழிற்சங்கத்தின் மூலம் பேரம் பேசித்தான் ஆளுக்குத் தனி உள்ளாடை என்ற உரிமையைப் பெற்றார்கள். உலகத்துக் குழந்தைகளெல்லாம் கட்டிக்கொள்ளத் துடிக்கும் மிக்கியின் நிலை இது.

வாயைக் கட்டினால் கை பேசும். மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ஜான் வான் மானன், இளமையில் டிஸ்னிலாந்தில் ஊர்தி ஓட்டும் வேலை பார்த்தவர். தலைமுடி நீண்டுவிட்டது என்பதற்காக நீக்கப்பட்டவர். புன்னகைத் தொழிற்சாலை என்று பெயரிட்டு 1991-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில், ஊழியர்கள் பொல்லாத விருந்தாளிகளைப் பழிவாங்கும் வித்தைகளை விவரித்திருக்கிறார். இடுப்பு வாரை மூச்சு முட்டும்படி இறுக்குவது ஒன்று. அவிழ்க்கும்போது வாரின் நுனி சுரீரென்று படும்படி விடுவது ஒன்று. ஜோடியாக வந்தவர்களைக் கடைசி க்ஷணத்தில் வேறு வேறு வண்டிகளில் ஏற்றிப் பிரித்துவிடுவது ஒன்று. நீர்மூழ்கிக் கப்பலில் வருபவரை அருவிக்கு அடியில் நனைய வைப்பதும் உண்டாம். எல்லாம் சிரித்த முகத்தோடும் ‘மன்னிக்க வேண்டும்’ என்ற வார்த்தையோடும் நடக்கும். இச்செய்கைகளை நாம் ஆதரிக்கவில்லை. வார் அறுந்தால் உயிருக்கு ஆபத்து. விரல் நசுங்கினால் அது விளையாட்டல்ல. ஆயினும், நேர் வழியில் ‘ஐயா, இப்படிப் பேசாதீர்’ என்று சொல்ல உரிமையில்லாதவன் குறுக்கு வழியில் பழி தீர்ப்பதில் ஆச்சரியம் என்ன?

கொள்ளைநோய்க் காலத்தில் இது இன்னும் முற்றியது. புளோரிடாப் பூங்கா 2020-ம் வருஷம் ஜூலை 11-ந் தேதி மறுபடி திறந்தபோது எல்லோரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்பது நிபந்தனை. தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் கவசமில்லாமல் உலாவும் தந்திரத்தைச் சிலர் கண்டுபிடித்தார்கள். ஒரு வாரத்துக்குள், ஓரிடத்தில் நின்றுதான் தின்ன வேண்டும் என்று கம்பெனி விதியைத் திருத்தியது. அமெரிக்கர்கள் அரசியல் கட்சி பிரிந்து சண்டையிட்ட ஒரு விஷயத்தில், கட்சிக்காரர் ஒவ்வொருவரையும் நிறுத்திக் ‘கவசத்தை மேலே இழுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் போலீஸ் உத்தியோகத்தைப் பொம்மை விற்கிறவர்களும் ராட்டினம் சுற்றுகிறவர்களும் பார்த்தார்கள். அவ்வருஷம் செப்டம்பரில் கம்பெனி தன் பூங்கா முதலிய இலாகாக்களிலிருந்து 28,000 பேரை வீட்டுக்கு அனுப்புவதாக அறிவித்தது.

இத்தனைக்கும் கூலி என்ன? டிஸ்னிலாந்துத் தொழிலாளர்களைப் பற்றித் தொழிற்சங்கங்கள் செய்வித்த விசாரணை ஒன்று 2018-ல் வெளிவந்தது. பதில் சொன்ன சுமார் 5,000 பேரில் நான்கில் மூன்று பங்கினர், அடிப்படைச் செலவுக்கே சம்பளம் போதவில்லை என்றார்கள். பத்துப் பேரில் ஒருவருக்கு மேல், முந்தின இரண்டு வருஷத்தில் ஏதோ ஒரு சமயம் குடியிருக்க வீடில்லாமல் திண்டாடியவர்கள். சங்கத்தார் கணக்கு என்று கம்பெனி அதை ஒதுக்கியது. ஆனால் கம்பெனியின் தலைமை நிர்வாகியுடைய அந்த வருஷத்துச் சம்பளம், நடுத்தர ஊழியரின் சம்பளத்தைப்போல் 1,424 மடங்கு என்பது யாரும் மறுக்காத கணக்கு. இதைக் கண்டித்து 2019-ல் எழுதியவர் சங்கத் தலைவர் அல்ல. வால்ட் டிஸ்னியின் சகோதரர் ராயின் பேத்தி அபிகெய்ல் டிஸ்னி.

மேற்படி 2018-ம் வருஷத்திலேயே, நகரத்தின் வரிச் சலுகை பெறும் உல்லாசத் தொழில்கள் உயர்ந்த குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டும் என்று ஆனஹைம் வாக்காளர்கள் வோட்டுப் போட்டுச் சட்டம் செய்தார்கள். அது தன்னைக் கட்டாது என்று கம்பெனி வழக்காடியது. 2023-ல் மேல் கோர்ட்டார் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். 2024 டிசம்பரில் 23 கோடி 30 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ளக் கம்பெனி இசைந்தது.

தொழிலாளரைக் குடும்பம் என்று அழைப்பதும் அந்தக் கம்பெனியின் பழைய வழக்கம். 1941-ல் சித்திரக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வால்ட் டிஸ்னிக்கு அது குடும்பத் துரோகமாகவே பட்டது; 1947-ல் அமெரிக்கப் பிரதிநிதி சபையின் விசாரணைக் குழு முன் போய், அது கம்யூனிஸ்டுகளின் வேலை என்று சாட்சி சொன்னார். 1984-ல் சம்பளத்தை உயர்த்தாமல் நிறுத்தி வைக்க நிர்வாகம் முயன்றதை எதிர்த்து, டிஸ்னிலாந்துத் தொழிலாளர்கள் 22 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குடும்பப் பேச்சில் அவர்களுக்கிருந்த நம்பிக்கை அத்துடன் தளர்ந்தது.

2022-ம் வருஷத்தின் கடைசியில் கம்பெனி தன் பூங்காக்களுக்கு வருவோருக்கு ஒரு வேண்டுகோள் வெளியிட்டது: பிறரிடம் மரியாதையோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும்; முடியாதவர்களை வெளியேறச் சொல்ல நேரும் என்று. நல்ல அறிவிப்பு. யார் வெளியேற்றுவது, அடிபட்ட ஊழியர் அந்தக் க்ஷணமே மேடையை விட்டு விலகினால் அவருடைய கூலி பிடிக்கப்படுமா, விருந்தாளி புகார் எழுதிக் கொடுத்தால் யார் வார்த்தையை நம்புவார்கள் என்பவற்றை அறிவிப்பு சொல்லவில்லை. இவற்றை அறிவிப்பினால் பெற முடியாது; பேரத்தினால்தான் பெறலாம் என்று தொழிலாளர் கண்டுகொண்டதாகத் தெரிகிறது. டிஸ்னிலாந்தில் வேஷதாரிகளும் ஊர்வலக் கலைஞர்களுமாகச் சுமார் 1,700 பேர், வேஷங்களின் சுத்தம், உடம்புக்கு நேரும் ஆபத்து, வந்தவர்களின் நடத்தை முதலிய குறைகளைச் சொல்லி, நாடக நடிகர்களின் சங்கத்தில் சேர 2024 மே மாதம் வோட்டெடுப்பு நடத்தினார்கள். சங்கம் வேண்டும் என்றவர்கள் 953 பேர். வேண்டாம் என்றவர்கள் 258 பேர். இரண்டு மாதம் கழித்து, அதே பூங்காவின் மற்றத் தொழிலாளர்கள் சுமார் 14,000 பேர் வேலைநிறுத்தத்துக்கு அதிகாரமளித்து வோட்டுப் போட்டார்கள். வேலைநிறுத்தம் நடக்கவில்லை, மணிக்கு 24 டாலர் அடிப்படைக் கூலி என்று ஜூலை மாதத்துக்குள் உடன்பாடு கையெழுத்தாயிற்று.