இன்னோர் அறைக்கும் குளிர்: வாங்குமுன் ஒரு கணக்கு

தம்பானூரில், ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் ஒரு பழைய வீட்டை எண்ணிக்கொள்வோம். மாடியறையில் ஸ்பிளிட் ஏ.சி. உண்டு, அங்கே மகனும் மருமகளும் உறங்குகின்றனர். கீழே, மேற்குப் பார்த்த அறையில் 75 வயதுத் தாய். மார்ச் மாதப் புழுக்கத்தில் அவருக்கு உறக்கம் பிடிப்பதில்லை. “எனக்கு எதற்கப்பா வீண் செலவு?” என்கிறார். மகனுக்கு மனம் ஒப்பவில்லை. இருக்கும் ஏ.சி.யிலிருந்தே ஒரு குழாயை இழுத்து அம்மாவின் அறையையும் குளிர்விக்க முடியாதா என்று யோசிக்கிறார்.

முடியாது என்பதே விடை. ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, அறையில் உள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. குளிர்நாடுகளில் இதே இயந்திரம் எதிர்த்திசையில் இயங்கி, வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. எத்திசையில் இயங்கினாலும் வெளி அலகின் கம்பிரசரும் குழாயில் ஓடும் வாயுவின் அளவும் உள் அலகுக்கு ஏற்பவே அமைக்கப்படுகின்றன. ஓர் உள் அலகுக்கென்று அமைந்ததில் இன்னொன்றைப் பின்னாளில் பொருத்த இயலாது.

ஆகவே வழிகள் இரண்டு. ஒரே வெளி அலகுடன் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உள் அலகுகளை இணைக்கும் மல்டி ஸ்பிளிட் ஒன்று. வெளிச்சுவரில் இடம் குறைவாக உள்ள அடுக்ககங்களுக்கு அது பொருந்தும். ஆனால் பழைய ஏ.சி.யைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும். கம்பிரசர் பழுதானால் எல்லா அறைகளும் ஒருசேர நின்றுபோகும். அடுத்த வழி, தாயின் அறைக்குத் தனியே ஒரு சிறிய ஸ்பிளிட் ஏ.சி. நல்ல நிலையில் ஓர் ஏ.சி. ஏற்கெனவே இருக்கும் வீட்டுக்கு இதுவே பெரும்பாலும் சிக்கனமானது.

இயந்திரத்தின் விலை ஒருமுறைச் செலவு. மின்கட்டணமோ தொடர்ந்து வருவது. கேரளத்தில் வீட்டு இணைப்புகளுக்கு மாதம் 250 யூனிட் என்பது ஒரு முக்கியமான எல்லை. இருமாதப் பட்டியலில் அது 500 யூனிட். அதுவரை ஒவ்வொரு படிக்கும் அதற்குரிய கட்டணமே. எல்லையைத் தாண்டிவிட்டால், முதல் யூனிட் தொடங்கி முழுப் பயன்பாட்டுக்கும் ஒரே உயர்ந்த கட்டணம் விதிக்கப்படும்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. ஏ.சி.யின் நட்சத்திர லேபிளில், ஆண்டுக்கு 1600 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் செலவாகும் என்று அச்சிட்டிருக்கும். அது 640 என்று கொண்டால், மணிக்கு 0.4 யூனிட். நாளொன்றுக்கு 8 மணி நேரம் வீதம் 30 நாளுக்கு 96 யூனிட். வீட்டின் இன்றைய பயன்பாடு மாதம் 170 யூனிட் எனில், மொத்தம் 266, எல்லையைத் தாண்டிவிடும். அதே ஏ.சி. 6 மணி நேரம் மட்டும் ஓடினால் 72 யூனிட், மொத்தம் 242. இரண்டு மணி நேரத்தில் பட்டியலின் தன்மையே மாறிவிடுகிறது. மெய்யான செலவு வெயிலுக்கும் பயன்பாட்டுக்கும் ஏற்பக் கூடலாம், குறையலாம். ஆயினும் வாங்குமுன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இதுவே.

செலவைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு. மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறம் மூங்கில் தட்டியோ சாய்ப்போ அமைத்தால், வெயில் அறைக்குள் புகுமுன்பே தடுக்கப்படும். 2020 ஜனவரி முதல் நட்சத்திர லேபிள் பெற்ற ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்குமாறே அமைக்கப்படுகின்றன. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என எரிசக்தித் திறன் பணியகம் கூறுகிறது. 26 டிகிரியில் வைத்து விசிறியை மெல்லச் சுழலவிட்டால் முதியவர் உடலுக்கும் இதமாக இருக்கும்.

பொருத்தும்போது தனி வயரிங், தனி எம்.சி.பி., முறையான எர்த் ஆகியவை கட்டாயம். மழைநீர் தேங்குவதற்குப் பெயர்பெற்றது தம்பானூர். அதைத் தீர்க்கவே 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ தொடங்கப்பட்டது. எனவே இப்பகுதியில் வெளி அலகைத் தரையில் வைக்காமல், சுவரில் உயரமான தாங்கியில் பொருத்துவதே நன்று.

பணம் செலுத்தும் முறையிலும் கவனம் தேவை. ‘பூஜ்ய வட்டித் தவணை’ என்பது உண்மையில் இல்லை என்று பாரத ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியது. வட்டி, செயல்முறைக் கட்டணத்திலோ கைவிட்டுப் போகும் தள்ளுபடியிலோ மறைந்திருக்கக்கூடும். ரொக்க விலையையும், தவணைகளின் மொத்தத்தையும் அருகருகே எழுதிப் பாருங்கள்.

தாயின் கேள்விக்கு மகன் சொல்லக்கூடிய விடையும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. “வீண் செலவு இல்லை அம்மா, கணக்குப் பார்த்துவிட்டேன்” என்று அவர் சொல்ல முடிந்தால், அந்தத் தாய் தயங்காமல் ஸ்விட்சைப் போடுவார்.