பச்சிளம் நுரையீரலும் அடுக்களைப் புகையும்

பிறந்த குழந்தையின் நுரையீரல் இன்னும் கட்டி முடிக்கப்படாத உறுப்பு. மூச்சுக்காற்றின் ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கும் இடங்களாகிய நுண்காற்றறைகள் பிறக்கும்போது சில கோடி அளவில்தான் இருக்கின்றன. வளர்ந்தவரிடம் 30 கோடியை எட்டும் இவற்றின் பெருக்கத்தில் பெரும்பங்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே நடந்தேறுகிறது. பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சிழுக்க, பச்சிளம் குழந்தை 40 முதல் 60 முறை இழுப்பதால், உடல் எடையோடு ஒப்பிட்டால் அதனுள் போகும் காற்றும் அதிகம், காற்றோடு போகும் மாசும் அதிகம்.

அம்மாசில் மிகவும் அஞ்சத்தக்கது 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத குறுக்களவுள்ள நுண்துகள். தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே உள்ள இது, மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுண்காற்றறை வரை சென்று, திசுக்கள் வீங்கிப் புண்படும் அழற்சியை உண்டாக்குகிறது. கருவறையும் முழுப் பாதுகாப்பு அளிப்பதில்லை: தாய் சுவாசித்த கரித்துகள் நஞ்சுக்கொடியில், கருவை நோக்கிய பக்கத்திலேயே, படிந்திருப்பதை பெல்ஜிய ஆய்வாளர்கள் 2019இல் கண்டறிந்தனர்.

மலையும் கடலும் சூழ்ந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் காற்றுக்குக் குறையில்லை என்று எண்ணத் தோன்றும்; ஆனால் கைக்குழந்தை நாளின் பெரும்பகுதியில் சுவாசிப்பது வீட்டுக்குள் இருக்கும் காற்றையே. தென்னையின் கொதும்பைக் கொளுத்தி, சிரட்டையும் மட்டையும் அடுக்கி எரிக்கும் விறகடுப்பு, எரிவாயு உருளை வந்த வீடுகளிலும் பிள்ளை பெற்றவளுக்கு வேதுநீர் காய்ச்சவும் புழுங்கலரிசி வேகவைக்கவும் பின்கட்டில் நீடிப்பதுண்டு; இரு பருவமழைகளும் பெய்யும் இம்மாவட்டத்தில் நனைந்த விறகு எரிவதைவிடப் புகைவதே மிகுதி.

அடுப்பை மாற்றினால் போதுமா என்பதை விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலுமாக 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து நடந்த ஆய்வு சோதித்தது. தமிழ்நாட்டுப் பகுதியைச் சென்னையின் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் நடத்தியது. பாதிக் குடும்பங்களுக்கு எரிவாயு இலவசமாக வழங்கப்பட்டதில், கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகள், எரிவாயு பெறாத குடும்பங்களில் கனமீட்டருக்கு ஏறத்தாழ 70 மைக்ரோகிராமாக இருக்க, பெற்ற குடும்பங்களில் 24 ஆகக் குறைந்திருந்தும், குழந்தைகளின் கடும் நிமோனியா குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று 2024இல் முடிவு வெளியாயிற்று. இதைக் கொண்டு புகை தீங்கற்றது என்று கொள்வது பிழை. நிமோனியா கிருமியாலும் வருவது, ஊட்டமும் தடுப்பூசியும் அதைத் தீர்மானிப்பவை, குறைந்துவிட்ட அந்த 24கூட உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டு வரம்பான 5ஐப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. நுரையீரல் வளர்ச்சியோ ஓராண்டில் அளந்து முடிக்கக்கூடியதன்று.

அடுப்பு மாறினாலும் தீராத புகை ஒன்று இருக்கிறது. குளிப்பாட்டிய குழந்தையின் ஈரத் தலைமேல் கூடையைக் கவிழ்த்தாற்போல் துணி பிடித்து, கனலில் தூவிய சாம்பிராணியைக் காட்டும் பாட்டியின் கைக்கு அன்பு ஒன்றே நோக்கம் என்றாலும், அந்தப் புகையிலும் நுண்துகள் உண்டு. மெல்லிய பருத்தித் துணியால் துவட்டினாலே தலை உலர்ந்துவிடும். மூச்சில் கோளாறு உண்டா என்று அறிய, குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது அதன் வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60உம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50உம் அதற்கு மேலும் வந்தாலோ, மூச்சிழுக்கையில் விலாவின் அடிப்பகுதி உள்வாங்கினாலோ, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.