மறைந்துபோன ஆட்டங்கள்: வெளிவராத பிரதிகள் பற்றிச் சில குறிப்புகள்

மயிலை சீனி. வேங்கடசாமியின் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' புத்தகத்தைத் தமிழ் படித்தவர்கள் ஒருமுறையாவது புரட்டியிருப்பார்கள். இல்லாத நூல்களுக்கு ஒரு பட்டியல் அது. வளையாபதி, தகடூர் யாத்திரை என்று பெயரும் சில பாட்டுகளும் மட்டும் மிஞ்சியவை உண்டு. உரையாசிரியர் யாரோ போகிற போக்கில் சொன்னதால் பெயர் மட்டும் தங்கியவையும் உண்டு. ஒரு பிரதி அழிந்த பிறகும் அது இருந்ததற்கான தடயம் இன்னொரு பிரதிக்குள் கிடக்கும் என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். அதே பார்வையை வேறொரு வகைப் பிரதியின்மீது வைத்துப் பார்க்கலாம்: 1980களின் வீட்டுக் கணினிகளுக்காக எழுதப்பட்டு, வெளிவராமலோ வெளிவந்து தொலைந்தோ போன வீடியோ கேம்கள். 'சின்னப் பசங்க வெளையாட்டு, இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா' என்று நண்பர்கள் சிரிக்கலாம். கூத்தையும் நாட்டார் பாட்டையும் பார்த்துப் படித்தவர்கள் ஒரு காலத்தில் சிரித்த சிரிப்புதான் இதுவும்.

1

முதலில் அந்த மெஷினைப் புரிந்துகொள்வோம். 1982இல் இங்கிலாந்தில் சிங்ளேர் கம்பெனி இசட் எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற சிறு கணினியைக் கொண்டுவந்தது. நினைவகம் 16 கே அல்லது 48 கே. அதற்கெனத் தனித் திரை கிடையாது, வீட்டு டி.வி.யில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். நிரலைச் சேமிக்க சாதாரண ஆடியோ கேசட். கணினிக்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டே எழுத்துகள். 0க்கு ஒரு குறுகிய துடிப்பு, 1க்கு அதைப்போல இரு மடங்கு நீண்ட துடிப்பு. குறிலும் நெடிலும் மாதிரி. டேப் ரிக்கார்டரில் போட்டுக் கேட்டால் காதைக் குத்தும் கீச்சொலி. 48 கே முழுதும் ஏற 5 நிமிடம்போல ஆகும். நடுவில் ஒரு துடிப்பு பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆக, அன்றைய கேம் என்பது அடிப்படையில் ஒரு ஒலி. யுகோஸ்லாவியாவில் 1983இல் கலாக்சியா என்ற கணினியை ஆட்களே வீட்டில் பொருத்திக்கொண்டார்கள். பெல்கிரேடு வானொலியில் நிரல்களின் கீச்சொலியையே ஒலிபரப்பினார்கள், கேட்டவர்கள் கேசட்டில் பதிந்து ஓட்டினார்கள். அக்கரையிலிருந்து வந்த இலங்கை வானொலிப் பாட்டுகளை டேப்பில் பிடித்துவைத்த இராமேஸ்வரம்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஒலியாக இருந்ததனால்தான் எளிதில் அழிந்தது. நாடாவின் காந்தப்பூச்சு உதிரும். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் ரிக்கார்டரே துருப்பிடித்து நின்றுவிடும். எல்லாவற்றையும்விட, அதன்மேல் இன்னொன்றைப் பதிந்துவிடலாம்.

2

வெளிவராத கேம்களில் பேர்போனது 'பேண்டர்ஸ்னாட்ச்'. லிவர்பூலின் இமாஜின் என்ற கம்பெனி 1984இல் இதற்குப் பெரிய விளம்பரங்கள் கொடுத்தது. ஸ்பெக்ட்ரத்தின் நினைவகம் போதாதென்று, கேமோடு கூடுதலாக ஒரு கருவியையும் சேர்த்து விற்பதாகத் திட்டம். பி.பி.சி. ஒரு ஆவணப்படத்துக்காகக் கம்பெனியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோதே கடன்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். வெற்றிக் கதையாகத் தொடங்கிய படம் திவாலின் ஆவணமாக முடிந்தது. கேம் வரவில்லை. அந்தக் கம்பெனியிலிருந்து போனவர்கள் சிக்னோசிஸ் என்ற புதிய நிறுவனம் தொடங்கி, அந்த யோசனைகளை 'பிரட்டாக்கஸ்' என்ற பெயரில் வேறு கணினிகளுக்குக் கொண்டுவந்தார்கள். 2018இல் நெட்ஃபிளிக்ஸ் அதே பெயரில் ஒரு படம் எடுத்தது. அதிலும் 1984, அதிலும் ஒரு கேம் எழுதும் இளைஞன். இல்லாத ஒரு பிரதி விளம்பரமாக, ஆவணப்படமாக, வேறொரு கேமாக, கடைசியில் தொன்மமாகப் பெருகியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பேண்டர்ஸ்னாட்ச் தொலைந்தது நமக்குத் தெரிகிறது என்றால், அதற்கு விளம்பரம் கொடுக்கப் பணமும் படம் பிடிக்க பி.பி.சி.யும் இருந்தன. தொலைவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் ஃபிராங்க் காஸ்கிங் பல ஆண்டுகள் தேடி, வெளிவராத கேம்களைப் பற்றி 2020இல் ஒரு தடித்த புத்தகமே போட்டார். வெளிவந்தவற்றின் கதியும் பெரிதாக வேறில்லை. அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் செய்த ஆய்வின்படி, அங்கே 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் கடையில் வாங்கக் கிடைப்பதில்லை.

3

நம் பக்கம் வருவோம். 1984-85இல் இந்திய அரசு பள்ளிகளில் கணினி கற்பிக்க 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வந்தன. 1980களின் பிற்பகுதியில் பூனாவின் டெசிபெல்ஸ் நிறுவனம் ஸ்பெக்ட்ரத்தை இங்கேயே செய்து விற்றது. விசைப்பலகையும் பேசிக் மொழியும் கையில் கிடைத்த பையன்கள் என்ன செய்திருப்பார்கள்? கேம் எழுதியிருப்பார்கள். அவை எங்கே?

எங்கள் வீட்டுச் சங்கதி ஒன்று சொல்கிறேன். மாமா பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் டி.வி.யோடு மாட்டிய ஒரு கணினி இருந்தது. அதில் அவர் ஒரு கேம் எழுதினார். பாம்பன் தூக்குப்பாலம் திறந்து மூடுகிற நேரத்துக்குள் ஒரு வத்தையை அடியில் கடத்திவிட வேண்டும். ரயில் வந்தால் தோல்வி. கேசட்டில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டில் வேறு கேசட் இல்லாததால், துபாயிலிருந்த பெரிய மாமாவுக்கு அம்மாச்சி அதில்தான் பேசி அனுப்பினார். பெரிய மாமா பதிலையும் அதே கேசட்டில் பேசித் திருப்பி அனுப்பினார். இப்போது ஓட்டினால் பெரிய மாமாவின் குரல் மட்டும்தான். அவர் பேச்சு முடிந்ததும், பதிவு எட்டாத இடத்தில், சில விநாடிகள் அந்தக் கீச்சொலி.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "கேம் போனாப் போகுது மாப்ளே, அம்மா பேசுனதாச்சும் இருந்திருக்கணும்" என்றார்.

4

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது. அந்த அழிவுக்குக் குற்றவாளி உண்டு. எங்கள் கேசட்டுக்குக் குற்றவாளி என்று யாரும் இல்லை. இரண்டாவது கேசட் இல்லாமை மட்டுமே உண்டு. ஆவணக்காப்பகம் என்பதை ஃபூக்கோ, பாதுகாத்த காகிதங்களின் குவியலாகப் பார்க்கவில்லை. எது சொல்லப்படக்கூடியது என்பதைத் தீர்மானிக்கும் விதியாகப் பார்த்தார். அந்த விதி இங்கே சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1984இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்ற வகைக்குள் சேர்த்தது. ஆனால் 1954இன் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி கன்னிமரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டியவை அச்சிட்ட நூல்களும் பத்திரிகைகளும்தான். உடைமை என்று வரும்போது நிரல் இலக்கியம். நினைவு என்று வரும்போது அது ஒன்றுமில்லை. சொத்தைக் காக்கத் தெரிந்த சட்டத்துக்குப் பிரதியைக் காக்கத் தோன்றவில்லை.

அரசு விழித்துக்கொள்ளும்வரை நாடா காத்திருக்காது. அதனால் சில காரியங்களை நாமே செய்யலாம். வீட்டுப் பரணில் கிடக்கும் கேசட்டை எறிய வேண்டாம். மேல்விளிம்பில் இருக்கிற பிளாஸ்டிக் சில்லை உடைத்துவிட்டால் அதன்மேல் மறுபதிவு நடக்காது. இரண்டு பக்கத்தையும் கடைசிவரை ஓடவிட்டு, ஒலியைச் சுருக்காமல் கணினியில் ஏற்ற வேண்டும். சுருக்கினால் துடிப்புகளின் விளிம்பு மழுங்கி நிரலைப் படிக்க முடியாமல் போகலாம். உறைமேல் எழுதியதைப் படியெடுக்க வேண்டும். எழுதியவர் உயிரோடிருந்தால் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

மாமாவின் ஆட்டத்தை அந்தச் சில விநாடிகளிலிருந்து மீட்க முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனால் 1914இல் கட்டிய அந்தப் பழைய பாலத்தில் இன்று ரயில் ஓடுவதில்லை. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப்பாலம் வந்துவிட்டது. கம்பியைப் பிடித்துத் தள்ளி ஆட்களே திறந்த அந்தப் பாலத்தை ஒரு பதினேழு வயதுப் பையன் எப்படிப் பார்த்தான், எது தோல்வி, எது வெற்றி என்று நினைத்தான் என்பதற்கு இருந்த ஒரு சாட்சி அது. வரலாற்றை எழுதுகிறோம் என்கிற நாம் இந்தச் சாட்சிகளின் பெயரையாவது எழுதிவைக்க வேண்டாமா? மாமா அதற்கு 'வத்தை' என்று பெயர் வைத்திருந்தார்.