100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் உதறுகிறதா? பழைய ஸ்போர்ட்ஸ் காரில் புஷ் மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"80 வரைக்கும் நல்லாத்தான் போகுது. 100-ஐத் தொட்டா ஸ்டீயரிங் உதறுது. அதுக்கு மேல போனா குறைஞ்சிடுது." பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது.

வீல் பேலன்சிங் செய்தாச்சு, டயரும் புதுசு. அப்படியும் உதறல் நிற்கவில்லை என்றால், சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ்களைப் பார்க்க வேண்டும்.

புஷ் என்ன வேலை செய்கிறது?

சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைப்பவை கன்ட்ரோல் ஆர்ம்கள். இவை சட்டத்தில் மாட்டும் இடத்தில்தான் புஷ் இருக்கும். உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்க இது வழிவிடும். முன்னும் பின்னும் நகர விடாது.

1989-இல் அறிமுகமான ஜப்பானின் மஸ்தா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன் அமைப்பு. முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம். ஒவ்வொன்றிலும் இரண்டு புஷ். முன்பக்கத்தில் மட்டுமே 8 ஆகிவிடுகிறது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 தயாரிப்பு 1997-இல் முடிந்தது. கார் அதிகம் ஓடாமல் ஷெட்டிலேயே நின்றிருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். வெயில், எண்ணெய்க் கசிவு, காற்றில் உள்ள ஓசோன் எல்லாம் சேர்ந்து அதை இறுக்கி, வெடிக்க வைத்துவிடும்.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஏன்?

எம்எக்ஸ்-5-இன் 185/60 ஆர்14 டயரின் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு ஏறக்குறைய 15 முறை சுற்றும். சக்கரமும் ஆர்மும் இயல்பாகவே துள்ளும் வேகமும் பெரும்பாலான கார்களில் இதை ஒட்டித்தான் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகும்போது, சக்கரத்தில் இருக்கும் சின்ன எடை வித்தியாசமும் பெரிய உதறலாகிவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உதறலை உண்டாக்குவது புஷ் அல்ல, அதை அடக்கி வைப்பதுதான் புஷ்ஷின் வேலை. தேய்ந்த புஷ் அந்த வேலையைச் செய்யாது. அதனால்தான் முதலில் பேலன்சிங், டயர் வீக்கம், ரிம் கோணல், பால் ஜாயின்ட், வீல் பேரிங் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு நேராக புஷ் மாற்றினால் காசுதான் வீண்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்பீட் பிரேக்கரில் 'டொக்' என்ற சத்தம், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுப்பது, டயர் ஓரம் மட்டும் தேய்வது ஆகியவை அறிகுறிகள். காரைத் தூக்கி, ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவில் கடப்பாரை கொடுத்து மெல்ல நெம்பிப் பார்க்கலாம். ரப்பர் கிழிந்து தெரிந்தாலோ, ஆர்ம் தாராளமாக நகர்ந்தாலோ மாற்ற வேண்டியதுதான். தள்ளிப்போடுவது ஆபத்து: அவசரமாக பிரேக் போடும்போது சக்கரத்தின் கோணம் மாறி, கார் நேர்கோட்டில் நிற்காமல் போகலாம்.

மாற்றும்போது செய்யக் கூடாத தவறு

ஆர்மைக் கழற்றி, பழைய புஷ்ஷை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தள்ளி, புதியதை நேராக ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் ஆர்ம் வளையலாம். எம்எக்ஸ்-5-இல் கீழ் ஆர்மின் போல்ட்தான் அலைன்மென்ட்டையும் தீர்மானிக்கிறது. அது துருப்பிடித்து உள்குழாயோடு இறுகியிருந்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். புது போல்ட்டை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

பலரும் செய்யும் தவறு கடைசியில்தான் நடக்கிறது. கார் லிஃப்டில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். கீழே இறக்கியதும் ஆர்ம் மேலே ஏற, ஒட்டிய ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும்; சீக்கிரமே கிழியும். காரின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும் நிலையில்தான் இறுதியாக இறுக்க வேண்டும். வண்டியை வொர்க்‌ஷாப்பில் விடும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

ரப்பரா, பாலியூரித்தேனா?

பாலியூரித்தேன் புஷ் கடினமானது. திருப்பங்களில் கார் துல்லியமாகத் திரும்பும். ஆனால் சாலையின் அதிர்வு அதிகமாக உள்ளே வரும். கிரீஸ் காய்ந்தால் 'கீச்' சத்தமும் வரும். ரேஸ் டிராக்குக்கு அது சரி. உதறலைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், குண்டும் குழியுமான நம் சாலைகளுக்கு ரப்பரே பொருத்தம்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரு பக்கமும் மாற்றுங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். அதைச் செய்யாவிட்டால் புது டயரும் சீக்கிரமே ஓரம் தேய்ந்துவிடும்.