பிரமதண்டை இனங்காணும் முறை

தென்மராட்சியின் தரிசு நிலங்களிலும் தெருவோரங்களிலும் மாரி கழிந்தபின் மஞ்சட் பூக்களோடு நிற்கும் முட்பூண்டு ஒன்று உண்டு. பிரமதண்டு எனவும் குடியோட்டிப்பூண்டு எனவும் மருத்துவ நூல்கள் இதனைக் கூறும். மேனாட்டார் இதனை ‘மெக்சிக்கன் திசில்’ என்றும் வழங்குவர். ஆயின் இது திசில் இனத்தைச் சேர்ந்ததன்று.

முள் ஒன்றே இனத்தைக் காட்டிவிடாது. நீர்முள்ளி ஆடாதோடைக்கு உறவு. கண்டங்கத்தரி கத்தரிக்கு உறவு. உண்மைத் திசில்களோ சூரியகாந்திக் குடும்பத்தன. சாயத்துக்கும் எண்ணெய்க்கும் பயிரிடப்படும் குசும்பா அவற்றின் நெருங்கிய உறவாகும். அவற்றில் ஒரு பூவெனத் தோன்றுவது, உண்மையில் ஒரே தளத்தில் நெருங்கியமர்ந்த பல சிறுபூக்களின் தொகுதியே. ஒவ்வொரு சிறுபூவும் ஒற்றை விதையுள்ள காயாகும்.

பிரமதண்டின் பூவோ தனிப்பூ. விரியும்போதே உதிர்ந்துவிடும் மூன்று புல்லிகள், நான்கு முதல் ஆறு வரையான மஞ்சள் இதழ்கள், எண்ணற்ற கேசரங்கள், நடுவே ஒரு சூலகம் என்பன அதன் உறுப்புகள். காம்பற்ற இலைகள் தண்டைத் தழுவி நிற்கும். அவற்றின் நரம்புகளை ஒட்டி வெண்மை படர்ந்திருக்கும். தண்டை ஒடித்தால் மஞ்சட் பால் கசியும். முள்ளடர்ந்த காய் முற்றியதும் நுனியில் வெடித்துப் பல கரிய விதைகளைச் சிந்தும். இவ்வியல்புகளால் இது அபினிச் செடியின் குடும்பத்தது எனத் துணியலாம். அமெரிக்காவிலிருந்து வந்த இப்பூண்டுக்கு 1753இல் இலின்னேயசு ‘ஆர்கெமோனே மெக்சிக்கானா’ எனப் பெயரிட்டார்.

இவ்வேறுபாட்டை அறிதல் ஏட்டறிவு மாத்திரமன்று. இதன் விதை கடுகை ஒத்தது, எண்ணெயோ நஞ்சு. அது கடுகெண்ணெயிற் கலந்தால் கால் வீங்கும், மூச்சுத் திணறும், இதயம் தளரும். கொள்ளைநோயாகப் பரவும் இவ்வீக்கநோய் 1877இல் கல்கத்தாவிற் பதிவாயிற்று. 1998இல் தில்லியில் இக்கலப்படத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

வேற்றுமை காண்பதும் எளிதே. கடுகின் மேற்பரப்பு வழுவழுப்பானது; நசுக்கினால் உள்ளே மஞ்சளாயிருக்கும். பிரமதண்டு விதை சொரசொரப்பானது. அதன் உள்ளீடு வெண்மையானது. உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கின் வலைபோன்ற குழிகளும் புலப்படும்.

ஆதலின் மாணவர் முட்செடியொன்றைக் கண்டால் முள்ளைக் கொண்டு பெயரிடாது, பூவையும் பாலையும் காயையும் ஆராய்ந்து துணிவாராக. பூவே குலத்தைக் கூறும். முள் அதனை மறைக்கவுங் கூடும்.